தகப்பன் செய்த சத்தமும் மகன் செய்த சைலன்சரும்



பதிவு கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 வகுப்பில் கைத்தொழில் புரட்சி படிப்பித்துக்கொண்டிருந்தேன். நீராவி இயந்திரம், நெசவு இயந்திரம் என்று பாடம் போய்க்கொண்டிருந்தபோது பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் கையைத் தூக்கினான்.

"சேர், யூடியூப்ல ஒரு அமெரிக்காக்காரன், முதல்முதலா ரைபிளுக்கு சைலன்சர் வாங்குறவங்க எதப் பாத்து வாங்கணும் என்று அரை மணித்தியாலம் விளக்கம் சொல்றான். கடையில வெளிப்படையா விக்கிறாங்க. அது கொலைகாரன் பாவிக்கிற சாமான் தானே சேர்?"

நான் வாய் திறக்க முதல் பக்கத்தில் இருந்தவன் முந்திக்கொண்டான். "சேர், எங்கட நானா பைக்ல இருந்த சைலன்சரையே கழட்டி வச்சிட்டாரு. அவருக்கு ஒன்டு வாங்கிக் குடுங்க!"

வகுப்பே சிரித்தது. மணியும் அடித்துவிட்டது. "திங்கட்கிழமை பதில் சொல்கிறேன்" என்று சொல்லி வந்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பதிலைத் தயார் செய்தபோதுதான், இது வகுப்பறையோடு நிற்க வேண்டிய கதையல்ல என்று பட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துவக்கை வாங்கச் சொல்லியோ, துவக்கைப் புகழ்ந்தோ எழுதும் பதிவு அல்ல இது. முப்பது வருடம் துவக்குச் சத்தத்தோடு வாழ்ந்த நாடு எங்களுடையது. அதில் புகழ ஒன்றுமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இது ஒரு தகப்பனையும் மகனையும் பற்றிய வரலாறு. நடுவில் ஒரு காது இருக்கிறது.

தகப்பன்

ஹிராம் ஸ்டீவன்ஸ் மெக்சிம் 1840 இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லை. ஆனால் கையில் எடுத்த எதையும் புதிதாகச் செய்து பார்க்கும் மனிதர். எலிப்பொறி செய்தார், மின்விளக்கு செய்தார், பிற்காலத்தில் பறக்கும் இயந்திரம் கூடச் செய்து பார்த்தார்.

இளமையில் ஒரு தடவை ரைபிள் ஒன்றைச் சுட்டபோது அதன் பின்னுதைப்பு அவருடைய தோளைக் கன்றிப்போகச் செய்தது. ரவை முன்னால் போகும்போது துவக்கு பின்னால் உதைக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி என்று விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறோமே, அதுதான். எல்லோரும் தோளைத் தடவிக்கொண்டு மறந்துவிடும் வலியை அவர் மறக்கவில்லை. வீணாகப் போகும் இந்த உதையை ஒரு வேலைக்குப் பிடிக்க முடியாதா என்று யோசித்தார்.

1881 இல் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் அமெரிக்காவில் விட்டுவிட்டுப் போனவர், அந்தக் குடும்பத்தோடு மறுபடி வாழவில்லை. லண்டன் ஹற்றன் கார்டன் பகுதியில் ஒரு சிறிய வேலைத்தலத்தில் 1884 இல் அந்த உதையைப் பிடித்து வேலை வாங்கினார். ஒரு ரவை வெடிக்கும்போது வரும் பின்னுதைப்பே வெறும் கோதை வெளியே தள்ளி, அடுத்த ரவையை ஏற்றி, மறுபடி வெடிக்க வைத்தது. ஆள் விசையை அழுத்திப் பிடித்திருந்தால் போதும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 ரவைகள். தானாக இயங்கும் உலகத்தின் முதல் இயந்திரத் துவக்கு, மெக்சிம் துவக்கு, இப்படித்தான் வந்தது.

அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை முஸ்லிம்களாகிய நாங்கள் தெரிந்திருக்க வேண்டும். 1898 செப்டெம்பர் 2 ஆம் திகதி சூடானின் ஒம்துர்மான் வெளியில் கலீபா அப்துல்லாஹியின் படை பிரித்தானிய, எகிப்தியப் படைக்கு எதிரே வந்து நின்றது. எதிர்ப்பக்கம் பீரங்கி, புதிய ரைபிள்கள், மெக்சிம் துவக்குகள். பகல் ஆவதற்குள் சூடானியர் பக்கத்தில் பத்தாயிரம் பேர் அளவில் இறந்துபோனார்கள். பிரித்தானியத் தரப்பில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு.

அந்த நாட்களில் எங்கள் கண்டியில் ஒரு மனிதர் இருந்தார். 1882 இல் எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்துத் தோற்று, 1883 இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா. சித்தி லெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரோடு மருதானை ஸாஹிராவின் தொடக்கத்தில் நின்றவர். ஒம்துர்மான் நடந்தபோது அவர் இன்னும் இங்கேதான். 1901 இல்தான் நாடு திரும்பினார். எதைக் கொண்டு வெல்கிறார்கள் என்பதை நேரில் கண்டவர் அவர். அதற்குப் பிறகு இங்கே அவர் பேசியது பள்ளிக்கூடத்தைப் பற்றி.

மெக்சிமுக்கு லண்டனில் சேர் பட்டம் கிடைத்தது. ஆனால் வருடக்கணக்காகத் தன் துவக்கைத் தானே சுட்டுக் காட்டி, தானே பரிசோதித்து வந்தவர் அவர். காதை மூடிக்கொள்ளும் வழக்கம் அப்போது இல்லை. முதுமையில் காது நன்றாகவே செவிடாகிவிட்டது. நெஞ்சுச் சளியால் கஷ்டப்பட்ட அவர், தனக்கென்று ஆவி பிடிக்கும் கருவி ஒன்றையும் செய்தார். அதைப் பார்த்து, பேர் பெற்ற ஒருவர் நாட்டு மருந்து விற்பவனைப் போல ஆகிவிட்டாரே என்று தெரிந்தவர்களே முகம் சுளித்தார்களாம். கொல்லும் இயந்திரத்தைச் செய்தது மதிப்பு, நோவைக் குறைக்கும் கருவியைச் செய்தது மதிப்புக்கேடு என்ற இந்தக் கணக்கை அவரே கசப்போடு எழுதியிருக்கிறார்.

1916 ஜூலை 1 ஆம் திகதி பிரான்ஸின் சோம் ஆற்றங்கரையில் ஒரே நாளில் 19,000 க்கும் மேற்பட்ட பிரித்தானிய வீரர்கள் இறந்தார்கள். எதிரே இருந்த ஜெர்மானியரின் இயந்திரத் துவக்கு, மெக்சிமின் வடிவத்தில் செய்யப்பட்டது. பிரித்தானியர் வைத்திருந்த விக்கர்ஸும் அதே வம்சம்தான். சோம் சண்டை நவம்பர் 18 இல் முடிந்தது. ஆறு நாள் கழித்து, நவம்பர் 24 ஆம் திகதி, மெக்சிம் லண்டனில் இறந்தார்.

காது

இந்த இடத்தில் என் மாமா ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் வயல் காவல் பார்த்தவர். இரவில் வாடியில் இருந்து பன்றிக்குத் துவக்கு வெடி, யானைக்கு யானை வெடி. காதில் பஞ்சு கூட வைத்ததில்லை. வெடி போட்ட பிறகு காதுக்குள் "ங்ங்" என்று கேட்கும், விடிய நின்றுவிடும் என்பார். பிறகு ஒரு கட்டத்தில் அது நிற்கவே இல்லை.

இப்போது அவருக்குப் பாங்கு கேட்பதில்லை. பள்ளி இருப்பது அடுத்த தெருவில்தான். மணிக்கூட்டைப் பார்த்துத்தான் வுழூவுக்கு எழும்புகிறார்.

நடப்பது இதுதான். எங்கள் உட்காதில் நத்தை வடிவில் ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான மிக நுண்ணிய மயிர்க்கலங்கள் உள்ளன. சத்தத்தை மூளைக்கு அனுப்புவது அவைதான். பெரிய சத்தம் அவற்றை முறித்துவிடும். தோல் கிழிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் பொருந்தும். மனிதனுடைய இந்த மயிர்க்கலம் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது மெல்லிய, கூரிய ஒலிகள். அதனால்தான் பேசுவது கேட்கிறது, என்ன சொல் என்று விளங்குவதில்லை.

சத்தத்தை அளக்கும் அலகு டெசிபல். சாதாரணப் பேச்சு 60 அளவில். 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்யலாம் என்பது தொழில் பாதுகாப்பில் சொல்லப்படும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணித்தியாலம்தான். திடீரென்று வெடிக்கும் சத்தத்துக்கு 140 டெசிபல் என்பதை ஆபத்தின் எல்லையாக வைக்கிறார்கள். ஒரு ரைபிளின் வெடி 160 ஐயும் தாண்டும். அங்கே ஒரு தடவையே போதும். அமெரிக்காவில் முன்னாள் படையினருக்குக் கொடுக்கும் உடற்குறை நட்டஈட்டில் முதலிடத்தில் இருப்பது கை கால் இழப்பு அல்ல, காதிரைச்சல்.

மகன்

மெக்சிம் விட்டுவிட்டு வந்த பிள்ளைகளில் ஒருவர் ஹிராம் பெர்சி மெக்சிம். தகப்பன் போனபோது அவருக்கு வயது பன்னிரண்டு அளவு. அவர் பிறந்த நாள் 1869 செப்டெம்பர் 2. மேலே சொன்ன திகதியை மறுபடி பாருங்கள். ஒம்துர்மானில் தகப்பனின் துவக்கு வெடித்துக்கொண்டிருந்த அன்று மகனுக்கு இருபத்தொன்பது வயது பூர்த்தியானது. இது தற்செயல்தான், அதற்கு மேல் அர்த்தம் தேடத் தேவையில்லை. ஆனாலும் படித்தபோது கொஞ்சநேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பெர்சியும் பொறியியலாளர். கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்பர்ட் நகரில் மோட்டார் வாகனங்கள் செய்யும் வேலையில் இருந்தார். இலக்குப் பார்த்துச் சுடுவதில் விருப்பம். அக்கம்பக்கத்தவரைத் தொந்தரவு செய்யாமல் சுட வழியில்லையா என்பது அவருடைய கேள்வி. குளியல் தொட்டியில் தண்ணீர் வடியும்போது சுழன்று சுழன்று மெதுவாக இறங்குவதைப் பார்த்தபோது யோசனை வந்ததாகச் சொல்வார்கள். ரவைக்குப் பின்னால் பாய்ந்து வரும் வாயுவையும் இப்படிச் சுழல வைத்து, தாமதப்படுத்தி வெளியே விட்டால் என்ன? 1909 மார்ச் 30 ஆம் திகதி அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பொருளுக்கு வைத்த பெயர் மெக்சிம் சைலன்சர்.

வேலை செய்யும் விதம் எளிது. ஊதிய பலூனை ஊசியால் குத்தினால் "டப்". அதே பலூனின் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் "உஸ்". உள்ளே இருந்தது ஒரே காற்று. வெளியே வந்த வேகம்தான் வேறு. துவக்கின் வாயிலும் ரவை வெளியேறியதும் சூடான வாயு ஒரே அடியாகப் பாய்வதுதான் வெடிச்சத்தத்தின் பெரும்பகுதி. சைலன்சர் என்பது அந்த வாயில் பொருத்தும் ஒரு குழாய். உள்ளே வரிசையாகத் தடுப்புத் தட்டுகள், நடுவில் ரவை போக ஒரு துளை. ரவை நேராகப் போய்விடும். வாயு அறை அறையாக முட்டி, விரிந்து, சூடு ஆறி, வேகம் குறைந்து வெளியே வரும்.

கராஜில் கழற்றி வைத்திருக்கும் பைக் சைலன்சரும் இதே தத்துவம்தான். வாகனப் புகைக்குழாய்க்கு அடக்கி செய்வதை பெர்சிக்கு முன்பே, 1897 இல், அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்றிருந்தார்கள். ஆகவே அந்த மாணவன் பகிடியாகச் சொன்னதில் விடயம் இருந்தது. இரண்டும் ஒரே குடும்பத்துச் சாமான்.

பெர்சியின் சைலன்சர் அந்தக் காலத்தில் இரும்புக்கடையில் விற்றது, தபாலில் வந்தது. விலை சில டொலர்கள். முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கூடத் தன்னுடைய 1894 மாதிரி வின்செஸ்டர் ரைபிளில் ஒன்றைப் பொருத்தியிருந்தார். யாரும் இதைக் கொலைகாரனின் கருவி என்று நினைக்காத காலம் அது.

சட்டம்

பயம் மெதுவாக வந்தது. சத்தமில்லாமல் சுடலாமென்றால் திருட்டு வேட்டைக்காரனுக்கும் கொலைகாரனுக்கும் வசதிதானே என்ற பேச்சு எழுந்து, சில மாநிலங்கள் தடை போட்டன. 1920 களில் மதுவிலக்கு, அதைத் தொடர்ந்த கும்பல்கள், தெருவில் இயந்திரத் துவக்குச் சண்டைகள். 1934 ஜூன் 26 ஆம் திகதி ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ட் தேசியச் சுடுகலன் சட்டத்தில் கையொப்பமிட்டார். இயந்திரத் துவக்கு, குட்டைக் குழல் துவக்கு ஆகியவற்றோடு சைலன்சரும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஒன்றை வாங்கினால் பதிவு செய்ய வேண்டும், 200 டொலர் வரி கட்ட வேண்டும். அன்று தொம்சன் இயந்திரத் துவக்கு ஒன்றின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவு. சில டொலர் சாமானுக்கு 200 டொலர் வரி என்றால் தடை என்று சொல்லாமலே தடைதான்.

தகப்பனின் கண்டுபிடிப்பும் மகனின் கண்டுபிடிப்பும் ஒரே சட்டத்தில் ஒரே வரிக்குள் வந்தன. கொல்லும் வேகத்தைக் கூட்டியதும், காதின் வலியைக் குறைத்ததும் சட்டத்துக்கு ஒன்றாகவே தெரிந்தன.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே பெர்சியின் கம்பனி துவக்குச் சைலன்சரை விட்டுவிட்டு, பெரிய இயந்திரங்களின் சத்தத்தை அடக்கும் வேலைக்குப் போய்விட்டது. பெர்சி 1936 இல் இறந்தார். அதே வருடம் அவர் எழுதிய, தன்னை விட்டுப்போன தகப்பனைப் பற்றிய சிறுவயது நினைவுகள் புத்தகமாக வந்தன. கசப்பான புத்தகம் அல்ல, சிரிக்கச் சிரிக்க எழுதிய புத்தகம்.

200 டொலர் என்ற தொகை தொண்ணூறு வருடம் மாறவே இல்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் ஒன்றின்படி 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கான வரி பூச்சியம். ஆனால் பதிவு, கைரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை எல்லாம் அப்படியே உள்ளன. கலிபோர்னியா, நியூயோர்க் உட்பட எட்டு மாநிலங்களில் இன்னும் பொதுமக்கள் வைத்திருக்க முடியாது. நோர்வேயிலும் நியூசிலாந்திலும் நிலைமை நேர்மாறு. வேட்டைக்காரன் சைலன்சர் போடுவது அங்கே அயலவருக்குச் செய்யும் மரியாதை.

முதல் சைலன்சர்

இப்போது அந்த மாணவனின் யூடியூப் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் முதல் தடவை வாங்கும் ஒருவர் எதைப் பார்க்கிறார்? படித்துப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். ஒவ்வொரு கேள்வியும் பெர்சி மெக்சிமின் மேசையில் இருந்த அதே கேள்விதான்.

முதலாவது, எந்தத் துவக்குக்கு? ரவையின் குறுக்களவை வைத்துத்தான் துளை. பெரிய குறுக்களவுக்குச் செய்ததை, அந்தந்த அமுக்கத்தைத் தாங்குமென்று செய்தவரே சொல்லியிருந்தால், சிறியதற்கும் போடலாம். சத்தம் அடங்குவது கொஞ்சம் குறையும். சிறியதற்குச் செய்ததைப் பெரியதற்குப் போட்டால் குழாய் கிழிந்துவிடும், ஆளுக்கும் ஆபத்து. பல ரைபிள்கள் வைத்திருப்பவர்கள் முதலில் .30 அளவில் ஒன்றை எடுப்பது இதனால்தான்.

இரண்டாவது, எங்கே பாவிக்க? ஓரிடத்தில் இருந்து இலக்குப் பார்ப்பவருக்கு நீளமான, பாரமான குழாய் பரவாயில்லை. உள்ளே இடம் கூடக்கூடச் சத்தம் நன்றாக அடங்கும். மலையேறி வேட்டைக்குப் போகிறவருக்கு ரைபிளின் நுனியில் தொங்கும் அரைக் கிலோவும் பெரிய பாரம். அவர் டைட்டேனியத்தில் செய்த இலகுவானதைத் தேடுவார். தொடர்ந்து சுடுபவருக்கு டைட்டேனியம் சூட்டில் களைத்துப்போகும், எஃகும் அதையும் விட உறுதியான கலப்பு உலோகங்களும் தேவை. இலகு, உறுதி, அமைதி, விலை. நாலும் ஒன்றாகக் கிடைக்காது.

மூன்றாவது, எப்படிப் பொருத்துவது? மரை திருகிப் பூட்டுவது எளிது, மலிவு, பாரம் குறைவு. கழற்றிக் கழற்றி வேறு ரைபிள்களுக்குப் போடுபவர் சட்டென்று பூட்டும் அமைப்பை எடுப்பார். எதுவானாலும் குழாய் துவக்கின் குழலோடு நூல் பிடித்தது போல நேராக இருக்க வேண்டும். மயிரிழை விலகினால் ரவை உள்ளே தட்டில் மோதும்.

நாலாவது, பின்னுதைப்பு. தகப்பன் பிடித்து வேலை வாங்கிய அதே உதை. தோளில் விழும் உதையில் ரவையின் பங்கு மட்டும் இல்லை. ரவைக்குப் பின்னால் அதைவிட வேகமாகப் பாயும் வாயுவும் றொக்கெட் போலத் துவக்கைப் பின்னால் தள்ளுகிறது. சைலன்சர் அந்த வாயுவை மறித்துத் தாமதப்படுத்துகிறது. அதன் பாரமும் உதையை உறிஞ்சுகிறது. ரைபிளைப் பொறுத்து உதை கால்வாசி அளவுக்குக் குறைவதாகப் பாவிப்பவர்கள் சொல்கிறார்கள். உதையைக் குறைக்க இன்னொரு கருவியும் உண்டு. வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிடும் துளைகள் உள்ள தலை. உதையை நன்றாகவே குறைக்கும். ஆனால் வெடிச்சத்தத்தைச் சுடுபவரின் காதுக்கும் பக்கத்தில் நிற்பவரின் காதுக்கும் திருப்பி அனுப்பும். தோளைக் காப்பாற்றிக் காதைக் கொடுக்கும் வியாபாரம் அது.

ஐந்தாவதுதான் முக்கியம். சைலன்சர் சைலன்ஸ் செய்வதில்லை. நல்லதொன்று 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். 165 டெசிபல் ரைபிள் 135 அளவுக்கு வரும். ஆபத்தின் எல்லைக்குக் கீழே வந்தாலும் அது பெரிய சத்தம்தான். படத்தில் வருவது போல "புஸ்" இல்லை. அதோடு, சைலன்சர் அடக்குவது வாயுவின் சத்தத்தை மட்டும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகிறது. சாதாரண ரைபிள் ரவை அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகம். ஒலியை முந்திப் பறக்கும் ரவை போகும் வழியெல்லாம் "படார்" என்று வெடிப்பொலி எழுப்பும். அதை எந்தக் குழாயும் அடக்காது. அனுபவமுள்ளவர்கள் சைலன்சர் போட்டும் காதை மூடிக்கொண்டே சுடுகிறார்கள். இதனால்தான் இப்போது பலர் "சப்ரெசர்", அதாவது அடக்கி, என்று சொல்கிறார்கள். பெர்சி வியாபாரத்துக்காக வைத்த கவர்ச்சியான பெயர், பொருள் செய்வதை விடப் பெரிதாகப் பேசிவிட்டது. அந்தப் பெயர்தான் படத்துக்குப் போனது. அந்தப் பெயர்தான் பயத்துக்கும் காரணமானது.

திங்கட்கிழமை சொல்லப்போவது

அது கொலைகாரனின் சாமானா என்று கேட்டான். இரண்டாம் உலக யுத்தத்தில் இரகசியப் படையினர் சத்தமில்லாத ஆயுதங்களைப் பாவித்தது உண்மை. வெல்ரொட் என்ற கைத்துவக்கு அதற்கென்றே செய்யப்பட்டது. இன்றும் கெட்டவன் கையில் போனால் கெட்டதுக்குத்தான். அதை மறைக்க மாட்டேன். கொல்வது துவக்கு என்பதையும் மறக்க மாட்டேன். சைலன்சர் ஒரு துவக்கை நல்லதாக்கிவிடாது.

ஆனால் ஒரு பொருளைப் பெயரை வைத்தும் படத்தில் கண்டதை வைத்தும் முடிவு கட்டுவது வரலாறு படிப்பவனின் வேலை இல்லை. யார் செய்தார், எதற்குச் செய்தார், யார் பாவித்தார், யார் பயந்தார், அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பெயரைக் கேட்டதும் முடிவுக்கு வருகிறவர்களால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டில் எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதே தவறை ஒரு இரும்புக் குழாய்க்குக் கூட நாங்கள் செய்யாமல் இருப்போம்.

இன்னொன்றும் சொல்வேன். லுக்மான் சூராவில் ஒரு வாப்பா மகனுக்குச் சொல்லும் உபதேசங்களில் குரலைத் தாழ்த்துவதும் ஒன்று. மெக்சிம் வீட்டில் அந்தப் பாடம் தலைகீழாக நடந்தது. வாப்பா சத்தத்தைச் செய்தார், அந்தச் சத்தம் அவருடைய காதையே வாங்கிக்கொண்டது. மகன் அயலவரின் காதை நினைத்தார்.

எங்கள் ஊரில் சைலன்சர் கடை இல்லை, வரவும் வேண்டாம். ஆனால் பெரிய சத்தம் எங்களிடம் நிறைய உண்டு. பெருநாள் இரவில் குழந்தையின் காதோரம் வெடிக்கும் வெடி, வயல் வாடியில் யானை வெடி, ஆலையிலும் மர மடுவத்திலும் காதை மூடாமல் வேலை செய்யும் பிள்ளைகள், கழற்றி வைத்த பைக் சைலன்சர். வயல் காவலுக்குப் போகும் உங்கள் வாப்பாவுக்கு, நானாவுக்கு, காதை மூடும் உறை ஒன்றை வாங்கிக் கொடுங்கள். சில நூறு ரூபாய்க்கு இறப்பர் காதடைப்பாவது கிடைக்கும்.

ஆசிரியராக ஒரு வேண்டுகோளும் உண்டு. பின்வாங்கில் இருந்து "என்ன சேர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று ஏச முதல், ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்துப் பாருங்கள். நானும் ஒரு பிள்ளையை அப்படி ஏசியிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது அவனுக்கு ஒரு காது கேட்காது என்று. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

நேற்று மஃரிபுக்கு மாமாவைப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். பாங்கு சொல்லி முடிந்த பிறகு என் முகத்தைப் பார்த்து, "சொல்லியாச்சா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். எழும்பி ஸஃபுக்கு நடந்தார்.

வஸ்ஸலாம்.